ஒன்பது பேர் செய்த காரியம்

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் இரண்டாவது உலக மகாயுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்டாலின்கிராட், எல் அலமீன் என்று பெரிய பெரிய போர்க்களங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, இத்தனை லட்சம் துருப்புகள், இத்தனை ஆயிரம் பீரங்கிகள் என்று கணக்குச் சொல்லி வந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். முதல் நாள் ஏதோ ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ஸார், இத்தனை லட்சம் பேர் எதற்கு? நல்ல கமாண்டோக்கள் ஒரு பத்துப் பேர் இருந்தால் போதாதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்கார், அப்பா! பரீட்சையில் அந்தக் கேள்வி வராது" என்று சொல்லி மேலே சென்றேன்.

மாலையில் வீடு திரும்பும்போது மனம் உறுத்திற்று. அது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. அதே யுத்தத்தில், பனி மூடிய நார்வே தேசத்தில், ஒன்பது பேர் ஓர் இரவில் செய்து முடித்த காரியத்தை, பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட ஆகாய விமானங்கள் திரண்டு வந்தும் செய்ய முடியாமல் போயிற்று. அந்தப் பையனுக்கு இதைச் சொன்னால் துள்ளிக் குதிப்பான். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பாதியும் உண்டு. சினிமாக்காரர்கள் பெரும்பாலும் முன்பாதியோடு திரையை இறக்கிவிடுவார்கள். வாத்தியாரும் அப்படிச் செய்வது நியாயம் ஆகாதல்லவா? ஆகவே இரு பாதிகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சிறு யுத்தம்

'கெரில்லா' என்ற சொல்லை இன்று அறியாதவர் இல்லை. அது ஸ்பானிய மொழிச் சொல். 'சிறு யுத்தம்' என்பது அதன் பொருள். 1808-இல் நெப்போலியனுடைய பெரும் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது, அந்நாட்டுச் சேனை சிதறிப் போயிற்று. ஆனால் மலையிலும் காட்டிலும் குடியானவர்களும் பாதிரிமார்களும் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்ந்து பிரெஞ்சுப் படையின் தபாலையும் தானிய வண்டிகளையும் மறித்து, அதன் உறக்கத்தைக் கெடுத்தார்கள். அன்று முதல் அந்தச் சொல் உலக மொழிகளில் ஏறிவிட்டது.

'கமாண்டோ' என்ற சொல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. போயர்கள் என்ற டச்சுக் குடியேறிகள் தங்கள் குதிரைப் படைப் பிரிவுகளுக்கு அப்பெயரை வழங்கினார்கள். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில், நகரங்களெல்லாம் பிரிட்டிஷார் கைக்குப் போன பின்பும், இந்தக் குதிரைக் கூட்டங்கள் ஈராண்டுக் காலம் போராடின. அவர்களைப் பிடிக்க முடியாத பிரிட்டிஷ் தளபதிகள் என்ன செய்தார்கள்? அவர்களுக்குச் சோறு போட்ட பண்ணை வீடுகளைக் கொளுத்தினார்கள். பெண்டு பிள்ளைகளை வாரிக்கொண்டு போய் முள்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். அந்த முகாம்களில் நோயாலும் பசியாலும் இறந்த போயர் பெண்களும் குழந்தைகளும் மட்டும் 26,000 பேருக்கு மேல். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பு மக்களிலும் பல்லாயிரவர் மாண்டனர். துப்பாக்கி எடுத்தவன் மலையிலே தப்பித்தான். தண்டனை வீட்டிலே இருந்தவர்கள் தலையில் விழுந்தது. வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். நம் கதையின் பின்பாதி இதைப் பற்றியதே.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரிட்டிஷ் சேனை பீரங்கிகளையெல்லாம் கடற்கரையில் விட்டுவிட்டு உயிர் தப்பித் திரும்பிற்று. பெரும் படை கொண்டு பொருத வழியில்லாத நிலையில், எதிரியின் கரையில் இறங்கி அடித்துவிட்டு ஓடிவரும் சிறு படைகளைத் திரட்டுமாறு பிரதமர் சர்ச்சில் உத்தரவிட்டார். அந்தத் திட்டத்தை வகுத்த டட்லி கிளார்க் என்ற அதிகாரி தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். தம் நாட்டார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிடிக்க முடியாமல் திணறிய அந்தக் கூட்டங்களின் பெயரையே புதிய படைகளுக்குச் சூட்டினார். அதே ஆண்டு ஜூலையில், ஜெர்மானியர் பிடித்த நாடுகளில் உள்நாட்டு எதிர்ப்பை வளர்ப்பதற்கென்று ஒரு ரகசிய இலாகாவும் லண்டனில் ஏற்பட்டது. நார்வேயிலிருந்து தப்பி வந்த இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள்.

மலையடிவாரத்துத் தொழிற்சாலை

நார்வேயின் தென்பகுதியில் டெலமார்க் என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே ரியூக்கான் என்ற சிற்றூருக்கு அருகில், செங்குத்தான பள்ளத்தாக்கின் ஓரத்தில் வெமொர்க் மின்சார நிலையம் நின்றது. அருவியின் வேகத்தால் கிடைத்த மலிவான மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து உரத்துக்கு வேண்டிய ஹைட்ரஜனை எடுத்து வந்தார்கள். அந்தத் தொழிலின் உபரியாக 'கன நீர்' என்ற அபூர்வப் பொருள் கிடைத்தது.

கன நீர் பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர்தான். நாம் குடிக்கும் நீரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று வீதம் இரு மடங்கு எடையுள்ள அணு கலந்திருக்கிறது. அந்தக் கனத்த அணுக்களை மட்டும் திரட்டி எடுத்த நீரே கன நீர். யுரேனிய அணு பிளக்கும்போது வெளிப்படும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க அது உதவும். சுத்தமான கிராபைட்டுக் கரியும் அதே வேலையைச் செய்யும். அமெரிக்கர் 1942 டிசம்பரில் கரியைக் கொண்டே வெற்றி பெற்றனர். ஆனால் ஜெர்மனியில் 1941-இல் நடந்த சோதனையொன்றில், கரியில் இருந்த அசுத்தத்தின் காரணமாகத் தவறான விடை கிடைத்தது. கரி உதவாது என்று எண்ணிய ஜெர்மானிய விஞ்ஞானிகள் கன நீரையே நம்பினார்கள். அன்று ஐரோப்பாவிலே அதைப் பெரிய அளவில் உற்பத்தி செய்த இடம் வெமொர்க் ஒன்றே. நார்வே 1940-இல் ஹிட்லர் வசமாயிற்று.

ஹிட்லர் கையில் அணுகுண்டு கிடைத்துவிட்டால் உலகத்தின் கதி என்ன? லண்டனில் இருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது. அந்தத் தொழிற்சாலையை நிறுவுவதில் பங்கு கொண்ட லெய்ப் த்ரோன்ஸ்டாட் என்ற நார்வேப் பேராசிரியரும், அதன் தலைமை இஞ்சினியராயிருந்த யோமார் புரூனும் தப்பித்து லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். எந்த அறையில் எந்தக் கலம் இருக்கிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

தெரியாத மண்ணில் இறங்கியவர்கள்

1942 அக்டோபரில் நான்கு நார்வே இளைஞர்கள் ஹார்டங்கர் பீடபூமியில் பாராசூட் மூலம் இறங்கினார்கள். யென்ஸ் அன்டோன் பௌல்ஸன் அவர்களுக்குத் தலைவர். பின்னால் வரப்போகும் பிரிட்டிஷ் படைக்கு வழிகாட்டுவது அவர்கள் வேலை.

நவம்பர் 19-ஆம் தேதி இரவு அந்தப் படை புறப்பட்டது. இரண்டு விமானங்கள் இரண்டு கிளைடர்களை இழுத்துக்கொண்டு வடகடலைக் கடந்தன. உள்ளே இருந்தவர்கள் தேர்ந்த பிரிட்டிஷ் ராணுவ இஞ்சினியர்கள். வெடி வைப்பதில் நிபுணர்கள், வீரத்தில் குறைவில்லாதவர்கள். ஆனால் நார்வே மலையும் பனியும் அவர்களுக்குப் புதியவை. மேகமும் உறைபனியும் சூழ்ந்தன. ஒரு விமானம் மலையில் மோதி அழிந்தது. இரு கிளைடர்களும் இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு தொலைவில் விழுந்து நொறுங்கின. உயிர் பிழைத்தவர்கள் 23 பேர். சீருடை அணிந்த போர்வீரர்களாயிருந்தும், கமாண்டோக்களைச் சிறைப்படுத்தாமல் கொன்றுவிட வேண்டும் என்று ஹிட்லர் ஒரு மாதத்துக்கு முன் பிறப்பித்திருந்த ரகசிய உத்தரவின்படி, அவர்கள் எல்லாரும் கொல்லப்பட்டனர். மொத்தம் 41 உயிர்கள். தொழிற்சாலையின் ஒரு செங்கல் கூட அசையவில்லை. மாறாக, எதிரி விழித்துக்கொண்டான். காவல் பலப்பட்டது, சுற்றிலும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன.

முன்னால் இறங்கிய நால்வரும் பீடபூமியில் தனித்து நின்றார்கள். கொண்டுவந்த உணவு தீர்ந்தது. பாறையில் படரும் பாசியைத் தோண்டி வேக வைத்துத் தின்றார்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் பௌல்ஸன் ஒரு பனிமானைச் சுட்டு வீழ்த்தினார். இறைச்சியோடு அதன் இரைப்பையில் பாதி செரித்துக் கிடந்த பாசியையும் விடாமல் உண்டார்கள். மூன்று மாதம் அந்த வெண்பாலையில் அவர்கள் உயிரோடிருந்ததற்கு, அவர்கள் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதே காரணம்.

பிப்ரவரி 27-ஆம் தேதி இரவு

இம்முறை அனுப்பப்பட்ட அறுவரும் நார்வேக்காரர்களே. தலைவர் யோவாகிம் ரோனபெர்க், வயது 23. இங்கிலாந்தில் ஒரு மாளிகையில், புரூனும் த்ரோன்ஸ்டாடும் சொன்னபடி கன நீர்க் கலங்களைப் போலவே மாதிரிகள் செய்து வைத்து, இருளில் கண்ணை மூடிக்கொண்டு வெடி பொருத்தும் அளவுக்குப் பயின்றிருந்தார்கள். 1943 பிப்ரவரி 16-இல் பீடபூமியில் குதித்து, பனிப்புயலில் சில நாட்கள் சிக்கி, கடைசியில் பௌல்ஸன் கூட்டத்தாரைக் கண்டு சேர்ந்தார்கள்.

வெமொர்க்குக்குச் செல்ல ஒரு தொங்கு பாலம் இருந்தது. அதில் காவல். பாலத்தின் கீழே ஏறத்தாழ 200 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கு. அதில் இறங்கி ஏற மனிதனால் ஆகாது என்று ஜெர்மானியர் எண்ணியதால், அந்தப் பக்கம் கவனிப்பார் இல்லை. கிளாஸ் ஹெல்பெர்க் என்ற இளைஞர் பகலிலே தனியே சென்று ஒரு வழி கண்டுவந்தார். பாறை இடுக்குகளில் மரங்களும் புதர்களும் வளர்ந்திருந்தன. மரம் வளரும் இடத்தில் மனிதன் ஏறலாம் என்பது அவர்கள் கணக்கு.

இரவில் ஒன்பது பேர் இறங்கி, பாதி உருகிய பனிப்பாலத்தின்மேல் ஆற்றைத் தாண்டி, மறுகரையில் ஏறினார்கள். மேலே தொழிற்சாலைக்குச் செல்லும் ரயில் பாதைக்குக் காவல் இல்லை. நள்ளிரவில் காவல் மாறும் வரை அரை மணி நேரம் காத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு கடையில் ரோனபெர்க் தாமே பார்த்து வாங்கி வந்த இரும்புக் கத்திரியால் வாயிற் சங்கிலியை வெட்டினார்கள். சிலர் காவலர் விடுதிக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றார்கள். ரோனபெர்க்கும் இன்னொருவரும், புரூன் சொல்லியிருந்த கம்பிக்குழாய்ச் சுரங்கத்தில் தவழ்ந்து சென்று கன நீர் அறைக்குள் இறங்கினார்கள்.

அங்கே இருந்தவர் ஒரு முதிய நார்வேக் காவற்காரர். கைகளை உயர்த்தி நின்றார். ரோனபெர்க் ஒவ்வொரு கலத்திலும் வெடியைப் பொருத்தி, திரிக்கு நெருப்பு வைக்கப் போகும் தறுவாயில் அந்த மனிதர், "என் மூக்குக் கண்ணாடி எங்கேயோ இருக்கிறது, யுத்த காலத்தில் வேறு கிடைக்காது" என்று முறையிட்டார். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் உயிர் போகும் வேளை. ரோனபெர்க் தேடிக் கூட்டை எடுத்துக் கொடுத்தார். மீண்டும் திரியருகே சென்றபோது, "கூட்டுக்குள் கண்ணாடி இல்லையே!" என்றார் கிழவர். மறுபடியும் தேடிக் கொடுத்த பிறகே நெருப்பு வைத்தார். இரண்டு நிமிஷத் திரிகளை அரை நிமிஷமாகக் குறுக்கி வைத்துவிட்டு, காவற்காரரையும் வெளியேற்றி ஓடினார்கள்.

வெடிச் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. காவலர் விடுதியிலிருந்து ஒரு ஜெர்மானியச் சிப்பாய் வெளியே வந்தான், சுற்றுமுற்றும் பார்த்தான். இருளில் அவனைக் குறிபார்த்துக் கொண்டிருந்த துப்பாக்கிகள் அவனுக்குத் தெரியா. பனியின் பாரத்தால் கண்ணிவெடி ஏதாவது வெடித்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுடவேண்டிய அவசியம் நேரவில்லை. கன நீர்க் கலங்கள் பதினெட்டும் பிளந்து, ஏறத்தாழ 500 கிலோ கன நீர் சாக்கடை வழியே ஓடிற்று. இரு தரப்பிலும் ஓர் உயிர் கூடப் போகவில்லை. ஏறத்தாழ 3,000 ஜெர்மானியத் துருப்புகள் மலையைச் சல்லடையாகச் சலித்தும் ஒருவரும் அகப்படவில்லை. ஐவர் பனிச்சறுக்குக் கட்டைகளில் 400 கிலோமீட்டர் சென்று ஸ்வீடனை அடைந்தார்கள்.

முன்பாதி இதுதான். சினிமாவாயிருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டுவிடுவார்கள்.

ஊரார் செலுத்தும் விலை

புறப்படுமுன் அவர்கள் செய்த ஒரு சிறு காரியத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். வந்தவர்கள் நார்வேக்காரர்களே ஆயினும் பிரிட்டிஷ் சீருடை அணிந்து வந்தார்கள். போகும்போது ஒரு பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கியை வேண்டுமென்றே விட்டுச் சென்றார்கள். 'இதைச் செய்தவர்கள் வெளியிலிருந்து வந்த போர்வீரர்கள். ஊர்க்காரர்களுக்கு இதில் சம்பந்தமில்லை' என்று ஜெர்மானியருக்கு எழுதி வைத்த கடிதம் அந்தத் துப்பாக்கி.

ஏன் அத்தனை கவலை? பத்து மாதங்களுக்கு முன் நார்வேயின் மேற்குக் கரையில் டெலவோக் என்ற மீனவர் கிராமத்தில் நடந்தது அவர்கள் நெஞ்சில் இருந்தது. லண்டனிலிருந்து வந்த இரு நார்வே வீரர்களுக்கு அவ்வூரார் இடம் கொடுத்திருந்தார்கள். 1942 ஏப்ரல் 26-இல் அவர்களைப் பிடிக்க வந்த இரண்டு ஜெர்மானிய ரகசியப் போலீஸ் அதிகாரிகள் சண்டையில் மாண்டார்கள். ஏப்ரல் 30-இல் கிராமம் முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன; படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. ஆண்கள் 72 பேர் ஜெர்மனியில் சாக்சன்ஹௌஸன் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 31 பேர் திரும்பவேயில்லை. பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் காவலில் வைக்கப்பட்டனர். இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத பதினெட்டு நார்வேக் கைதிகளும் சுடப்பட்டார்கள்.

வெமொர்க்கில் அந்தக் கொடுமை நேரவில்லை. ஜெர்மானிய சேனாதிபதி பால்கன்ஹார்ஸ்ட் நேரில் வந்து பார்த்து, இது ராணுவத்தார் செய்த காரியமே என்று முடிவு செய்தார். விட்டுச் சென்ற துப்பாக்கி தன் வேலையைச் செய்தது.

ஆனால் யுத்தம் ஓர் இரவோடு முடிவதில்லை. சில மாதங்களில் கலங்களைப் புதுப்பித்து ஜெர்மானியர் மறுபடியும் கன நீர் எடுக்கத் தொடங்கினர். இம்முறை பெரும் படையின் முறை வந்தது. 1943 நவம்பர் 16-இல் அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை வந்து வெமொர்க்கின்மேல் எழுநூறுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. கன நீர் அறை அடித்தளத்தில் இருந்ததால் பெரும்பாலும் சேதமின்றித் தப்பியது. இருபதுக்கு மேற்பட்ட நார்வே மக்கள் மாண்டார்கள். குண்டுக்கு அஞ்சி ஒளிந்த பாதுகாப்பறையிலேயே இறந்தவர் பலர். நட்பு நாட்டாரே தம்மைக் கேளாமல் தம் மக்கள்மேல் குண்டு போட்டதைக் குறித்து, லண்டனில் இருந்த நார்வே சர்க்கார் கண்டனம் தெரிவித்தது.

ஏரிக் கப்பல்

இனி அங்கே இருப்பது ஆபத்து என்று கண்ட ஜெர்மானியர், மீதமிருந்த கன நீரைப் பீப்பாய்களில் நிரப்பி ஜெர்மனிக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். ரயில் வண்டிகளைச் சுமந்து டின் ஏரியைக் கடக்கும் 'ஹைட்ரோ' என்ற கப்பலில் அது போகவேண்டும். ஒன்பதின்மரில் ஒருவராகிய க்னூட் ஹௌக்கெலிட் மட்டும் அப்போது அந்தப் பக்கத்தில் இருந்தார். கப்பலை மூழ்கடிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது.

கன நீரோடு அந்தக் கப்பலில் யார் போவார்கள்? ரியூக்கான் ஊர் ஜனங்கள். உறவினரைப் பார்க்கச் செல்பவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், கப்பல் சிப்பந்திகள். உள்ளூரில் இருந்தவர்கள் தயங்கி, 'இத்தனை உயிர்களுக்கு ஈடாகுமா?' என்று ரேடியோ மூலம் லண்டனைக் கேட்டார்கள். 'மிக முக்கியம், செய்யத்தான் வேண்டும்' என்ற கருத்தில் விடை வந்தது. குறைந்த கூட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் கன நீர் போகும்படி தொழிற்சாலைக்குள் இருந்த நண்பர்கள் ஏற்பாடு செய்தார்கள். உயிர்ச்சேதத்தைக் குறைக்க அவர்களால் ஆனது அவ்வளவே.

1944 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு, ஹௌக்கெலிட் இரு தோழர்களோடு கப்பலில் ஏறினார். நார்வேக் காவற்காரர் ஒருவர் எதிர்ப்பட்டார். 'ரகசியப் போலீசுக்கு அஞ்சி ஒளிய இடம் தேடுகிறோம்' என்றார்கள். அந்த நல்ல மனிதர் தாமே அடித்தளத்துக்கு வழி காட்டினார். அங்கே முன்புறத்தில் வெடியைப் பொருத்தி, அலாரக் கடிகாரத்தை மறுநாள் காலை பத்தே முக்கால் மணிக்கு வைத்தார்கள். கப்பல் அப்போது ஏரியின் ஆழமான பாகத்தில் இருக்கும். 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம். மூழ்கிய பொருளை எவராலும் எடுக்க முடியாது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது ஹௌக்கெலிட் அந்தக் காவற்காரரின் கையைப் பற்றிக் குலுக்கி நன்றி சொன்னார். 'நாளைக் காலை இந்தக் கப்பலில் இராதே!' என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் காரியம் கெடும். யுத்தத்துக்குப் பின் எழுதிய தம் நினைவு நூலில் அவர் இந்தச் சந்திப்பைக் குறித்திருக்கிறார்.

காலையில் கப்பல் சில நிமிஷங்களில் மூழ்கியது. கரையிலிருந்த குடியானவர்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து 29 பேரைக் காப்பாற்றினார்கள். மாண்டவர் 18 பேர். அவர்களில் ஜெர்மானியர் நால்வர், நார்வே மக்கள் பதினான்கு பேர்.

யுத்தம் முடிந்த பின்பு தெரிந்த உண்மை இன்னும் கசப்பானது. 1942-ஆம் ஆண்டு நடுவிலேயே ஜெர்மானிய சர்க்கார் அணுகுண்டை உடனே செய்து முடிக்கும் பெருந்திட்டம் எதையும் மேற்கொள்வதில்லை என்று விட்டிருந்தது. 1945 வசந்தத்தில் ஹைகர்லோக் என்ற ஊரில் ஒரு குகையில் அவர்கள் செய்த கடைசிச் சோதனையிலும் அணு உலை தானாகத் தொடர்ந்து இயங்கவில்லை. போதிய கன நீர் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். எனவே, 'அந்தப் பதினான்கு உயிர்களும் வீணோ?' என்று இன்று கேட்பவர்கள் உண்டு. 1944-இல் லண்டனில் இருந்தவர்களுக்கு ஜெர்மனியின் உள்விவகாரம் தெரிய வழியில்லை. தெரியாத இருளில் நின்றுகொண்டு, தெரிந்த மனிதர்களின் உயிரைத் தராசில் வைக்க நேர்ந்தது அவர்களுக்கு. நான் அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் இறந்தவர்களின் வீட்டார் கேட்கும் கேள்வியை அதிகப்பிரசங்கம் என்றும் சொல்லமாட்டேன்.

கைக்கருவி பெரிய யந்திரமானது

உலக மகாயுத்தம் முடிந்ததும் இத்தகைய படைகள் பெரும்பாலும் கலைக்கப்பட்டன. ஆனால் அதிக நாள் அப்படி இருக்கவில்லை. 1952-இல் அமெரிக்கர், ஐரோப்பாவை ருஷ்யர் பிடித்தால் உள்ளூர் மக்களைத் திரட்டிப் போராடுவதற்கென்று ஒரு தனிப் படையை அமைத்தார்கள். பிற தேசத்து மொழியும் பழக்கமும் அறிந்தவர்களை அதில் சேர்த்தார்கள். ஹார்டங்கர் பீடபூமியில் கிடைத்த பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள் என்று சொல்லவேண்டும்.

1961 முதல் வியட்நாம் மலைச்சாதியாரிடையே அந்தப் படை வேலை செய்தது. கிராமங்களில் மருந்து கொடுத்து, கிணறு வெட்டி, துப்பாக்கி கொடுத்து நட்பை வளர்த்தார்கள். மலைமக்கள் நம்பிப் போரிட்டார்கள். பின்னர் அமெரிக்கர் போய்விட்டனர். 1975-இல் யுத்தம் முடிந்தது. மலைமக்கள் எங்கே போவார்கள்? வென்றவர்களின் பழிக்கு ஆளானார்கள். காட்டில் ஒளிந்து வாழ்ந்த அவர்களுடைய கடைசிக் கூட்டம் 1992-இல்தான் கம்போடியாவில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தாரிடம் ஆயுதங்களை ஒப்படைத்தது.

1980-இல் டெஹ்ரானில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கர்களை மீட்கச் சென்ற ஒரு படை, பாலைவனத்தில் யந்திரக் கோளாறாலும் விமான விபத்தாலும் எட்டுப் பேரை இழந்து வெறுங்கையோடு திரும்பிற்று. அந்த அவமானத்தின் பின்விளைவாக 1987-இல் இவ்வகைப் படைகளுக்கெல்லாம் தனித் தலைமை ஏற்பட்டது. அதன் கீழ் ஏறத்தாழ 70,000 பேர் வளர்ந்துவிட்டார்கள். ஒன்பது பேர் எங்கே, எழுபதினாயிரம் பேர் எங்கே! அபூர்வமாக எடுக்கவேண்டிய கூரிய கத்தி, தினந்தோறும் காய் நறுக்கும் அரிவாள்மணை ஆகிவிட்டது.

2001-இல் ஆப்கானிஸ்தானத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள் குதிரையேறி, உள்ளூர்ப் படைத்தலைவர்களோடு சேர்ந்து, விமானங்களுக்கு இலக்குக் காட்டிச் சில வாரங்களில் தாலிபான் ஆட்சியைக் கவிழ்த்தன. அப்போது உலகமே வியந்தது. பிறகு இருபது ஆண்டுகள், இரவு தோறும் கதவுகளை உடைத்து உள்ளே புகும் வேலையாக அது மாறிற்று. சில வேளை குற்றவாளி அகப்பட்டான்; சில வேளை வீடு மாறிப் போயிற்று. ஒவ்வொரு தவறான கதவும் எதிரிக்குப் புதிய ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது. 2021 ஆகஸ்டு 15-இல் தாலிபான் மறுபடியும் காபூலுக்குள் நுழைந்தது. மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் உதவிய ஆப்கானியர்கள் விமான நிலையத்து வேலிக்கு வெளியே, கையில் காகிதத்தை உயர்த்தி, குழந்தையைத் தோளில் ஏந்தி நின்ற படத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். டெலவோக் மீனவரும், வியட்நாம் மலைமக்களும், இவர்களும் ஒரே வரிசையில் நிற்பவர்கள் அல்லவா?

பையனுக்கு விடை

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். பத்துப் பேர் போதுமா? சில காரியங்களுக்குப் போதும். இலக்கு ஒன்றாக, தெளிவாக இருக்கவேண்டும். போகிறவர்கள் அந்த மண்ணின் பனியையும் பேச்சையும் அறிந்திருக்கவேண்டும். முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். பிளந்த கலங்களுக்கு நார்வே வீரர்கள் காரணம் என்றால், அவர்களுக்குக் குடிசை கொடுத்தவர், சேதி கொண்டுவந்த தொழிலாளி, கண்டும் காணாதது போல் இருந்த ஊரார் ஆகிய நூறு பேரும் காரணமே. பத்துப் பேர் படம் எடுத்தால் தெரிவார்கள். அந்த நூறு பேர் படத்தில் தெரியமாட்டார்கள். விலை கொடுக்கும்போது மட்டும் முதலில் அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே இத்தகைய சாகசம் ஒன்றைக் கேள்விப்படும்போது, 'எத்தனை பேர் போனார்கள்? எத்தனை பேரைக் கொன்றார்கள்?' என்பதோடு நிறுத்தாமல், 'அவர்கள் போன பிறகு அந்த ஊரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? போகுமுன் அவர்களைப் பற்றி யாராவது யோசித்தார்களா?' என்றும் கேட்கவேண்டும். வெமொர்க்கில் யோசித்தார்கள், துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனார்கள். டின் ஏரியில் யோசித்தும் தப்ப வழியில்லாமல் போயிற்று. யோசிக்கவே நேரமில்லாத அளவுக்குப் படை பெருத்து, வேலை வழக்கமாகி, எல்லாம் ரகசியம் என்று மூடப்பட்டுவிட்டால், கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

யோவாகிம் ரோனபெர்க் 2018-இல், தமது 99-ஆம் வயதில் காலமானார். முதுமையில் பள்ளிச் சிறுவர்களிடம் பேசும்போது, சுதந்தரமும் சமாதானமும் தாமே வந்துவிடுவன அல்ல என்று நினைவூட்டி வந்தார். அடுத்த திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். பரீட்சையில் வராதுதான். மலையேறிய இடத்தில் பையன்கள் கைதட்டுவார்கள், தட்டட்டும். ஏரிக்கரையில் ஒருவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நடந்து போன மனிதரைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பு சற்று மௌனமாயிருக்குமானால், அன்றைய பாடம் நடந்தது என்று எடுத்துக்கொள்வேன்.